கையில் நின்ற கல்

ஆராயி வீட்டுக் கடைக்காலுக்குத் திங்கட்கிழமைதான் நாள் அமைந்தது. ஏழரை மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் முதல் கல் உட்கார்ந்துவிட வேண்டும். இதை ஒரு வாரமாகப் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அவள் வாயைத் திறந்தாலே "ஏழரைக்குள்ள, தெரியும் தெரியும்" என்று பால்காரரே முந்திக்கொள்ளும்படி செய்துவிட்டாள்.

நாள் நல்ல நாள்தான். மழைக்குத்தான் அது தெரியவில்லை. வைகாசியில் யார் கேட்டார்கள் மழையை? முதல் நாள் சாயங்காலம் இடியும் மின்னலுமாக வந்து கொட்டிவிட்டுப் போய்விட்டது. எங்கள் விருத்தாசலத்துப் பக்கத்துக் களிமண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், நனைந்தால் பிடித்த காலை விடாது. செருப்போடு பத்து எட்டு வைத்தால் ஆள் அரை அடி வளர்ந்துவிடுவான். பூஜைக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அன்றைக்கு அப்படித்தான் வளர்ந்துபோய், செருப்பைக் கழற்றிக் கருவேல முள்ளால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தோணிமுத்து மேஸ்திரி விடிந்தும் விடியாமலும் வந்துவிட்டார். முதல் நாள் மத்தியானம் அவர் போட்டுவிட்டுப் போன சுண்ணாம்புக் கோடெல்லாம் மழையில் கரைந்து பாலாக ஓடியிருந்தது. நல்லவேளை, முளைக்குச்சிகள் அப்படியே நின்றன. மறுபடியும் நூல் பிடித்து, சுண்ணாம்புத் தூளைக் கையில் அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டுக்கொண்டே பின்னால் நடந்தார். அவர் கை ஒழுகவிட்ட இடமெல்லாம் வீடு வளர்ந்தது. ரோட்டோரம் ஜேசிபி வண்டி கையை மடக்கிக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் மட்டும், பூஜை முடியட்டும் என்றெல்லாம் பார்க்காமல், வெண்பொங்கலும் வடையும் வாங்கி இரண்டாவது தடவை சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடு என்றால் சாதாரண வீடு இல்லை. அந்தத் தெருவிலேயே பெரிய வீடாக வரப்போகிறது. ஆராயியின் மகன் திலீபன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் இந்த வீட்டைக் கட்டி முடித்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதமாக லீவு போட்டு வந்திருக்கிறான். வந்தவர்கள் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கோட்டுக்குள்ளே நிறுத்திக் காட்டினான்.

"இது போர்ட்டிகோ சித்தப்பா. ரெண்டு காரு நிக்கும். இது சிட்டவுட்டு. இப்பிடி உள்ள வந்தா ஹாலு. பாத்து, அது செவுரு, செவுத்து மேல நிக்கறீங்க."

சித்தப்பா பயந்துபோய்ச் சுவரிலிருந்து இறங்கி நின்றார்.

"என்னாடா, ஹாலு சின்னதா இருக்குது?"

"கோட்டுல அப்பிடித்தாங்க தெரியும்," என்றார் மேஸ்திரி. "செவுரு எழும்பட்டும், அப்பறம் பாருங்க. உள்ள நின்னு கூப்புட்டா எதிரொலிக்கும்."

கார் இன்னும் ஒன்றுகூட வாங்கவில்லை. ஆனால் இரண்டாவது காருக்கு இடம் விட்டாகிவிட்டது. திலீபன் நல்ல பையன்தான், குறை சொல்லக் கூடாது. வெளிநாட்டில் பத்துப் பேரோடு ஒரு அறையில் படுத்து எழுந்தவனுக்குக் கனவில் பெரிய வீடுதானே வரும்.

சிவசங்கரி தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். திலீபனின் அக்கா. தம்பி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள், கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள். இடுப்பில் குழந்தையை வைத்திருப்பதுபோல் ஒரு கல்லை வைத்திருந்தாள். அது செங்கல் இல்லை, சூளைக்கல். அவள் வேலை செய்கிற செராமிக் கம்பெனியில் பழைய சூளையைப் பிரித்தபோது முதலாளியிடம் சொல்லி ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். எத்தனையோ வருஷம் நெருப்பிலேயே வெந்த கல். முதல் கல்லாக அதை வைத்தால் வீடு நிலைத்து நிற்கும் என்று எங்கள் ஊரில் சில பேருக்கு நம்பிக்கை. கனம் மட்டும் சாதாரணச் செங்கல்லைப்போல் இருக்காது. சும்மா தூக்கிப் பார்க்கிறேன் என்று வாங்கிய சித்தப்பா உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் வகையறாவில் முதல் கல்லைக் கூடப்பிறந்தவள்தான் வைக்க வேண்டும். அப்பா இல்லாத வீடு, அம்மாவின் கை ஆகாது என்பார்கள். கட்டிக்கொண்டு வந்த மருமகள் மதிவதனி இரண்டாவது கல்தான் வைக்கலாம். சிவசங்கரி வைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அவள் திட்டக்குடியில் வாழப் போய், பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்தவள். வந்தபோது இடது கையில் மாவுக்கட்டு இருந்தது. புருஷன் தங்கதுரை தள்ளிவிட்டான் என்று அவள் சொன்னாள், தானாக விழுந்தாள் என்று அவன் சொன்னான். கட்டுப் பிரித்த பிறகும் அவள் போகவில்லை. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பீங்கான் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் அடுக்கிய சூளைத்தட்டுகளை ஏற்றுவதும் இறக்குவதும் வேலை. திலீபன் பாலிடெக்னிக் முடிக்கிற வரைக்கும் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அவள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. பழைய வீட்டில் ராத்திரி ஹாலில் பாய் விரிப்பாள், காலையில் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்துவாள். விருந்தாள் வந்தால் பாய் சமையலறைக்குப் போகும்.

பிளானைத் தம்பி செல்லில்தான் அனுப்பியிருந்தான். அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களைப் பெரிதாக்கிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. இப்போதுதான் கோட்டுக்குள் கால் வைத்தாள்.

"வாக்கா, வா," என்று திலீபன் உற்சாகமாகக் கூப்பிட்டான். "இது எங்க பெட்ரூமு. இது கெஸ்ட் ரூமு, அட்டாச்சிடு பாத்ரூமோட. இது அம்மா ரூமு. நீயும் அம்மாவும் இங்க படுத்துக்கலாம். சூப்பரா காத்து வரும்."

"ம்," என்றாள் சிவசங்கரி. அம்மா ரூமில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு வடகிழக்கு மூலைக்குப் போய்விட்டாள். அங்கே முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்து, மஞ்சள் தெளித்துத் தயாராக வைத்திருந்தார்கள். பெரியப்பா மகள் அம்புஜவல்லி குனிந்து குழியைச் சுற்றி மாவுக் கோலம் இழைத்துக்கொண்டிருந்தாள். அம்புஜவல்லிக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு.

ஆராயி மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தா, மூஞ்சிய கொஞ்சம் சிரிச்சாப்புல வெச்சிக்க."

"ஏன், அழுவறனா?"

"மாப்ளைக்கு சொல்லி வுட்டுருக்குறன். பாக்கலாம்னு சொல்லியிருக்காரு. வந்தாலும் வருவாரு. வந்தா வாங்கன்னு ஒரு வார்த்த கேளு. நாலு பேரு முன்னாடி மூஞ்சிய திருப்பிக்காத."

சிவசங்கரி கல்லை இடுப்பிலிருந்து எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு சுண்ணாம்புக் கோடுகளை இன்னொரு தடவை பார்த்தாள். அந்த இடத்தில்தான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

குருக்கள் வேகமான ஆள். அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு பூமி பூஜை. மந்திரத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நவதானியம் போட்டு, பால் ஊற்றி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, "கூடப்பொறந்தவா வாங்கோ, கல்ல வெச்சிடுங்கோ," என்றார். எல்லோரும் கையைக் கூப்பினார்கள். திலீபனின் நண்பன் ஒருத்தன் செல்லை உயர்த்தி வீடியோ பிடிக்க ஆரம்பித்தான்.

சிவசங்கரி குழிக்கு முன்னால் வந்து நின்றாள். குனியவில்லை.

"வையிம்மா," என்றார் மேஸ்திரி. கலவைச் சட்டி பக்கத்தில் தயாராக இருந்தது.

"திலீபா," என்றாள் அவள். "எம் ரூமு எதுடா?"

"என்னாக்கா?"

"இந்தக் கோட்டுல எம் ரூமு எது?"

"அதான் காமிச்சனே. அம்மா ரூமு."

"அது அம்மா ரூமு. என்னுது எது?"

திலீபன் சிரித்துப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"என்னாக்கா, இப்ப போயி... கல்ல வையி. அப்பறம் பேசிக்கலாம்."

"அப்பறம் பேச மாட்டீங்க. கல்லு வெச்சிட்டா பேச்சு முடிஞ்சிரும். அம்மா இருக்கற மட்டும் அம்மாகூட. அம்மாவுக்கு அப்பறம் நான் எங்கடா படுக்கறது?"

"நல்ல நாளும் அதுவுமா என்னா பேச்சு பேசுது பாரு!" என்று ஆராயி பதறினாள்.

"அண்ணி," என்று மதிவதனி முன்னால் வந்தாள். அவள் கெட்டவள் இல்லை. நாத்தனாரோடு ஒருநாளும் முறைத்துக்கொண்டதில்லை. "கெஸ்ட் ரூமு இருக்குதில்ல. யாரும் இல்லாதப்ப நீங்க அதுல படுத்துக்கங்க. யாரு வேணாங்கறா?"

"யாராவது வந்தா?"

"வந்தா... ரெண்டு நாளைக்கி ஹால்ல..."

"அதத்தான மதி இத்தினி வருசமா பண்றேன். பாய சுருட்டறது, விரிக்கறது."

"எங்கப்பா அம்மா வந்தா தங்கணும்ல அண்ணி."

கோலத்திலிருந்து அம்புஜவல்லி தலையைத் தூக்கினாள். "உங்கப்பா அம்மா நல்லூர்லதான இருக்காங்க? பஸ்ஸு ஏறி சீட்டு கெடைக்கறதுக்குள்ள ஊரு வந்துரும். அவங்களுக்கு எதுக்குடி தங்கறதுக்கு ரூமு, அதுவும் பாத்ரூமோட?"

மதிவதனியின் முகம் சிவந்துவிட்டது. "நான் யாரையும் வேணாம்னு சொல்லலைக்கா. பிளான நானா போட்டேன்?" என்று அவள் குரல் உடைந்தது.

"இப்ப பிளான மாத்த முடியாதுக்கா," என்றான் திலீபன். "அப்ரூவல் வாங்கியாச்சு. ஒண்ணு பண்றேன். அடுத்த லீவுக்கு வர்றப்ப மாடில ஒரு ரூமு போட்டுத் தரேன். உனக்குன்னு. சத்தியமா."

"இன்னிக்கி கோட்டுல இல்லாதது நாளைக்கி செவுத்துல வராதுடா."

"என்னாக்கா நீ? நான் உன்ன வெளிய போன்னா சொன்னேன்?"

"சொல்லல. இருன்னும் சொல்லலையே."

திலீபனுக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தவர்கள் முன்னால், அதுவும் வீடியோவில். "நீ எனக்கு செஞ்சத நான் மறந்துட்டன்னு நெனைக்கிறியா? அதுக்காக இப்பிடி நடு எடத்துல நிக்க வெச்சி கேப்பியா?"

"செஞ்சதுக்காக கேக்கல திலீபா. செஞ்சதுக்கு கூலி கேக்கறதா இருந்தா எப்பவோ கேட்டுருப்பேன். நான் இந்த வூட்ல இருக்கறன். இருக்கறவளுக்கு எடம் எதுன்னு கேக்கறன். அவ்ளோதான்."

வீடியோ எடுத்தவன் செல்லை இறக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் போயிண்டிருக்கு. குடும்ப விஷயம், நீங்க பேசிக்குங்கோ. மந்திரமெல்லாம் முடிஞ்சிடுத்து, கல்லை வெச்சிட வேண்டியதுதான் பாக்கி," என்று சொல்லித் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டருக்குப் போய்விட்டார். அவருடைய செருப்பிலும் அரை அடி மண்.

கல் அவள் கையிலேயே இருந்தது. எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருப்பாள், கை ஓய்ந்தால் தானாக வைத்துவிடுவாள் என்றுதான் பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். சூளைத்தட்டு இறக்குகிற கை அது. சூடு ஆறும் முன்னே சாக்கை மடித்துப் பிடித்துத் தட்டை இறக்கி, அங்கங்கே வைக்காமல் நடந்துபோய் அடுக்க வேண்டும். வழியில் கை ஓய்கிறது என்று இறக்கி வைத்தால் அத்தனையும் விரிசல் விடும். அவர்களுக்கு அது தெரியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் இறுகிக்கொண்டிருந்தது. பசியோடு வந்த ஒன்றிரண்டு பேர் அதைப் பார்ப்பதும் சிவசங்கரியைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

"கையில வெச்சிக்கிட்டே நிக்காதம்மா," என்றார் மேஸ்திரி. "கீழ வெச்சிட்டு பேசு. குழியில வேணாம், இப்பிடி ஓரமா வையி."

"ஓரமா வெச்சா ஓரமாவே இருந்துரும் மேஸ்திரி."

திலீபன் சுற்றும் முற்றும் பார்த்தான். "அம்புஜக்கா, நீ வா. நீயும் எனக்கு அக்காதான. வந்து கல்ல வாங்கி வையி."

அம்புஜவல்லி எழுந்து இரண்டு எட்டு வைத்தாள். சிவசங்கரியின் முகத்தைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"எனக்கு முழங்காலு வலிடா தம்பி. குனிய முடியாது."

"இப்பதான குனிஞ்சி கோலம் போட்ட?"

"அதுலதான் வந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் பொங்கல் அண்டாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டாள். இனி அவளை யாரும் கிளப்ப முடியாது.

ஆராயி மகளின் முழங்கையைப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "வையிடி. என் மானத்த வாங்காத. மாப்ள வர்ற நேரம்."

"அதுக்குத்தான் ரூமு போடலியா?"

ஆராயி பிடித்த கையை விட்டுவிட்டாள்.

"கேக்கறன் இல்ல. யாரு வேணாம்னு சொன்னது? இவனா, நீயா?"

திலீபன் தலையைக் குனிந்துகொண்டான். மேஸ்திரி சுண்ணாம்பு ஒட்டிய கையைத் தட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். கடைசியில் திலீபன்தான் சொன்னான், யாரையும் பார்க்காமல்.

"இஞ்சினீரு மொதல்ல உனக்கு ஒரு ரூமு போட்டுருந்தாருக்கா. நான்தான் போடச் சொன்னேன். அம்மாதான் எடுத்துருன்னுச்சு."

"ஆமாண்டி, நான்தான் எடுக்கச் சொன்னன்!" ஆராயி சத்தமாகவே சொல்லிவிட்டாள். இனி அடக்கி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ. "உனக்குன்னு ஒரு ரூமு போட்டா என்னா அர்த்தம்? நீ இனிமே போவ மாட்ட, இங்கயேதான் கெடப்பன்னு நாங்களே சொல்ற மாதிரி ஆவுதில்ல? ஊரு என்னா பேசும்? நாளைக்கி அந்த ஆளு மனசு மாறி வந்து கூப்புட்டா, உனக்கு இங்க ஒரு கதவு இருந்தா நீ போவியா? ரூமு இல்லன்னா என்னிக்காவது ஒருநாளு போவன்னு நெனச்சன். பெத்தவ நெனைக்க மாட்டனா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. கொடுமையும் இல்லையென்று சொல்ல மாட்டேன். மகளை இடம் இல்லாமல் வைத்திருந்தால் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று பத்து வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிற தாயை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எங்கள் பக்கத்தில் இப்படி எத்தனையோ தாய்மார் இருக்கிறார்கள். எல்லோரும் பாசமாகத்தான் இருக்கிறார்கள்.

சிவசங்கரி அழவில்லை. கோபப்படவும் இல்லை. அதுதான் பார்த்தவர்களுக்கு என்னவோபோல் இருந்தது.

"நான் போவ மாட்டம்மா," என்றாள். "ரூமு இருந்தாலும் போவ மாட்டன், இல்லன்னாலும் போவ மாட்டன். இத்தினி வருசம் பாய்லதான படுத்தன், போனனா? நீ வேணும்னா அதுல ஆசப்பட்டுக்கிட்டு இரு. கல்ல மட்டும் நான் சும்மா வெக்க மாட்டன்."

ரோட்டில் ஸ்கூல் வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாரோ மெதுவாகச் சொன்னார்கள், "ஏழர ஆயிட்டுது."

திலீபன் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். புது வேட்டி. "போச்சு," என்றான். "நாளும் போச்சு, நேரமும் போச்சு. ராகு காலம் வந்துட்டுது. இனிமே நான் எந்த நாளு பாத்து எப்ப லீவு போட்டு..." முகத்தைத் துடைத்துக்கொண்டான். மதிவதனி அவன் தோளில் கை வைத்தாள்.

ஆராயி மகனைப் பார்க்கவில்லை. மகளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை இல்லை, இடது கை. முறிந்து ஒட்டிய எலும்பு முழங்கைக்குக் கீழே ஒரு இடத்தில் லேசாகப் புடைத்து நின்றது. இவ்வளவு கனத்தை இவ்வளவு நேரம் தாங்கியதில் அந்த இடத்தில் தோல் தனியாகத் துடித்தது. பெற்றவள் அதை எத்தனையோ தடவை பார்த்திருப்பாள், எண்ணெய்கூடத் தேய்த்திருப்பாள். இன்றைக்கு என்ன கண்டாளோ, அவள் வாய் கோணிக்கொண்டு வந்தது.

"எழுந்திருடா," என்றாள் மகனிடம். "ராகு காலத்துல வெச்சா என்னா ஆயிடும்? நல்ல நேரம் பாத்துதான் இவளுக்கு தாலி கட்ட வெச்சம்."

ஜேசிபி டிரைவர்கூட டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

ஆராயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். களிமண்ணில் வெறுங்காலோடு சளக் சளக்கென்று நடந்து, நேராகப் போர்ட்டிகோவுக்குப் போனாள். இரண்டாவது கார் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, மேஸ்திரியின் வெள்ளைக் கோட்டைக் காலால் தேய்த்தாள். மண் நனைந்திருந்ததால் கோடு சீக்கிரம் அழியவில்லை. குதிகாலை ஊன்றி ஊன்றித் தேய்த்தாள்.

"மேஸ்திரி, இங்க போடு. எம் மவளுக்கு."

"அம்மா, ரெண்டாவது காரு..." என்று திலீபன் ஆரம்பித்தான்.

"மொத காரு வந்துட்டுதாடா?"

திலீபன் வேட்டியில் ஒட்டிய மண்ணோடு எழுந்து, "இஞ்சினீருக்கு என்னா சொல்றது?" என்றான் மேஸ்திரியிடம்.

"போர்ட்டிகோவுக்கு எப்பிடியும் பில்லரு வருது தம்பி. செவுரு ஏத்துறதுதான். ஒரு போன போட்டுக் கேப்பம், மாத்தி வரஞ்சி குடுப்பாரு," என்றார் அந்தோணிமுத்து. ஏற்கெனவே டேப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். முளைக்குச்சியைப் பிடுங்கி மாற்றி அடித்தார். நூல் பிடித்தார். சுண்ணாம்பை ஒழுகவிட்டார். சிவசங்கரி கல்லோடு நின்றபடியே பார்த்தாள். கோடு நாலு பக்கமும் சேர்ந்ததும் தீப்பெட்டிபோல ஒரு கட்டம் தெரிந்தது.

"சின்னதா இருக்குதே," என்றாள் அம்புஜவல்லி.

"கோட்டுல அப்பிடித்தான் தெரியும்னு சொல்லியிருக்காரு இல்ல," என்றாள் சிவசங்கரி. அன்றைக்கு அவள் முகம் முதல் தடவையாகக் கொஞ்சம் இளகியது.

"கதவ போர்ட்டிகோ பக்கமா வெச்சிடலாம் அண்ணி," என்றாள் மதிவதனி. அவளும் ஏதாவது நல்லது சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். "ஷிப்டு முடிஞ்சி வந்தா யாரையும் எழுப்ப வேணாம். நீங்க பாட்டுக்கு வரலாம், போவலாம்."

"வேணாம் மதி. வெளிய வாசல் வெச்சா வாடகைக்கி குடியிருக்கறவ மாதிரி. கதவு ஹாலுக்குள்ளதான் தொறக்கணும். நான் எழுந்து வந்தா நீங்கள்லாம் இருக்கணும். நீங்க கூப்புட்டா எனக்கு கேக்கணும்."

மதிவதனி தலையை ஆட்டினாள்.

திலீபன் மேஸ்திரியிடமிருந்து சுண்ணாம்புச் சட்டியை வாங்கினான். ஹாலுக்கும் அந்தப் புது அறைக்கும் நடுவில் உள்ள கோட்டில் உட்கார்ந்து, கையாலேயே மண்ணைச் சுரண்டி வாசலுக்கு இடம் விட்டான். சுண்ணாம்பைக் கிள்ளி இரண்டு பக்கமும் நிலைக்குக் குறி வைத்தான். ஒரு கோடு கோணலாகத்தான் வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டான்.

"போதுமாக்கா?"

"போதும்டா."

அவள் குழிக்குள் இறங்கினாள். புதுப் புடவையின் கரை பாலிலும் மஞ்சளிலும் நனைந்தது. மேஸ்திரி கலவையைக் கொட்டிப் பரப்பினார். வீடியோக்காரனை யாரும் கூப்பிடவில்லை, அவனாகவே மறுபடி செல்லை எடுத்தான். சிவசங்கரி உட்கார்ந்து கல்லைக் கலவையில் வைத்தாள். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன, உடனே பிரியவில்லை. ஆராயி குழியின் கரையில் உட்கார்ந்து, மகளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கல்லிலிருந்து எடுத்துவிட்டாள். பிறகு அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் அழுதாள். தெரிந்தேதான் அழுதாள், மறைக்கவில்லை.

அம்புஜவல்லி குலவை போட்டாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ, எழுந்து நின்றே போட்டாள். மதிவதனி இரண்டாவது கல்லை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மேஸ்திரி கலவைக் கரண்டியின் பிடியால் சூளைக்கல்லைத் தட்டிச் சரிபார்த்தார். ஜேசிபி டிரைவர் கையைக் கழுவிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"மேஸ்திரி," என்றாள் சிவசங்கரி குழிக்குள்ளிருந்தே.

"சொல்லும்மா."

"அந்தக் கதவுக்குத் தாப்பா உள்பக்கமா வெக்கணும்."

அந்தோணிமுத்து சிரித்தார். "கதவு போடவே இன்னும் எத்தினியோ மாசம் ஆவும். இன்னும் பில்லரு குழியே எடுக்கல, அதுக்குள்ள தாப்பாவா?"

"அதெல்லாம் தெரியும். நான் ஒருநாளும் தாப்பா போட்டுட்டு படுத்ததில்ல மேஸ்திரி. அதான் இப்பவே சொல்லி வெக்கிறன்."

மேஸ்திரி சிரிப்பை நிறுத்திவிட்டார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஜேசிபி உறுமிக்கொண்டு மனைக்குள் இறங்கியது. எந்தக் குழியை முதலில் எடுப்பது என்று டிரைவர் கத்திக் கேட்டார். திலீபன் போய் அக்காவின் அறையில் நின்றுகொண்டு, "இங்கேருந்து," என்றான்.